ஏழு வரிகளும் ஒரு வாளித் தண்ணீரும்: தலவாக்கலையில் ஒரு பிளாஸ்டிக் ஆமை உருவான கதை – நிகழ்வு ஆய்வு

கடல் மாசடைதல் என்ற தலைப்பில் படம் வரைந்து வரும்படி, இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகிலுள்ள எமது பாடசாலையின் பத்தாம் தர மாணவர்களிடம் கேட்டபோது, பெரும்பாலானோர் வரைந்து வந்தது தீப்பற்றி எரியும் ஒரு கப்பலைத்தான். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் பனிபோல் படிந்தன. அந்நாட்களில் இப்பிள்ளைகள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர்கள். கரையொதுங்கிய இறந்த ஆமைகள் அவர்கள் கண்ணில் அப்படியே தங்கிவிட்டன. ஆனால் எந்தப் படத்திலும் லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கான் என்ற வடிகால் இல்லை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை இல்லை, எங்கள் கண்ணெதிரே கொத்மலை ஓயா என்ற ஆறு இழுத்துவரும் பைகளும் போத்தல்களும் இல்லை. கடலை மாசுபடுத்துவது கடலில் நடக்கும் ஏதோ ஒரு விபத்து என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் கடலை நேரில் பார்த்ததேயில்லை என்பதால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

கடந்த ஆண்டு இரண்டாம் தவணையில் சித்திரப் பாடத்தின் செயற்றிட்டமாக நாங்கள் செய்த பிளாஸ்டிக் சிற்பம் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறந்தது. அதை எப்படிச் செய்தோம், எங்கே தவறினோம், எதைச் சேர்க்க மறுத்தோம், செய்து முடித்தபின் என்ன நடந்தது என்பவற்றை, இதே வேலையைச் செய்ய எண்ணும் பிற பாடசாலைகளுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே பதிவு செய்கிறேன்.

உருவத்தைத் தெரிந்தெடுத்தல்

திமிங்கிலமே வேண்டும் என்று மாணவர்கள் முதலில் பிடிவாதமாக நின்றனர். அந்த ஆசையை ஊட்டியவன் நான்தான். பெல்ஜியத்தின் புரூஜ் நகரக் கால்வாயொன்றில் 2018ஆம் ஆண்டு, கடற்குப்பையாக எடுக்கப்பட்ட சுமார் 5 டன் பிளாஸ்டிக்கைக் கொண்டு, நீரைப் பிளந்து மேலெழுவதுபோல் நிறுவப்பட்ட திமிங்கிலச் சிற்பத்தின் படத்தை வகுப்பில் காட்டியிருந்தேன். அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறியது எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. எனினும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் மண்டபத்தின் அளவு ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், பார்ப்பவரை வியப்பில் ஆழ்த்திவிட்டு அனுப்பிவிடும் பேருருவம், குப்பை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவருடைய மனதில் எழவிடாமலே செய்துவிடக்கூடும் என்ற அச்சம்.

உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகைகள் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. அவற்றுள் மிகப் பெரியது ஏழுவரி ஆமை. மற்ற ஆமைகளுக்கு இருப்பதுபோல் கெட்டியான தகடுகள் அதன் முதுகில் இல்லை; தோல்போன்ற கரிய போர்வையும், கழுத்திலிருந்து வால்வரை நீளும் ஏழு மேட்டு வரிகளுமே உள்ளன. பெயரைக் கேட்டவுடனேயே வேலையின் அமைப்பு எனக்குப் புலப்பட்டுவிட்டது: ஒவ்வொரு வரியும் ஓர் இடத்தின் பிளாஸ்டிக்கால் ஆக வேண்டும். முதல் வரி லயத்துக் கானிலிருந்து. இரண்டாவது எங்கள் பாடசாலையிலிருந்து. பிறகு கடைத்தெரு, மரக்கறித் தோட்டம், தேயிலை நாற்றுமேடை, மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரை என்று நீர் இறங்கும் பாதையிலேயே வரிகளும் இறங்கி, ஏழாவது கடலில் முடிய வேண்டும்.

அந்த ஆமையின் தொண்டையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் சிற்பத்தில் நாங்கள் அதிக நாட்களைச் செலவிட்ட பகுதி அதுவே. ஏழுவரி ஆமையின் முதன்மையான உணவு சொறிமுட்டை எனப்படும் இழுதுமீன். வழுக்கிச் செல்லும் அந்த உணவைக் கடல்நீரோடு சேர்த்து விழுங்கி, நீரை மட்டும் வெளியே பிதுக்கிவிடுவதற்காக, அதன் வாயிலும் உணவுக் குழாயிலும் நூற்றுக்கணக்கான முட்கள் வயிற்றை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. ஒருமுறை உள்ளே சென்றது மீண்டு வர இயலாது. நீரில் விரிந்து மிதக்கும் ‘சிலிசிலி’ எனப்படும் மெல்லிய பொலித்தீன் பை இழுதுமீனைப் போலவே தோன்றுகிறது. கடலில் நாட்பட்டு மிதந்து பாசி படிந்த பிளாஸ்டிக்குக்கு உணவின் வாடையும் ஏறிவிடுகிறது. உயிர்வாழ்வதற்காக அமைந்த முட்களே பையையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதை விளக்கிய நாளில் வகுப்பு அமைதியாக இருந்தது. திமிங்கிலத்தைப் பற்றிப் பிறகு எவரும் பேசவில்லை.

வாளிச் சோதனை

சேகரிப்பு மூன்று வாரங்கள் நடந்தது. கையுறை இன்றி எவரும் எதையும் தொடக்கூடாது, ஓயாவின் நீருக்குள் இறங்கக்கூடாது, நீர்த்தேக்கத்தின் கரைக்குப் பெற்றோர் துணையின்றிச் செல்லக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளை விதித்தேன். வந்து சேர்ந்தவை எங்கள் வாழ்க்கையை அப்படியே காட்டின: பால்மா உறைகள், பிஸ்கட் உறைகள், சம்போ பக்கெட்டுகள், யோகட் கோப்பைகள், உரச் சாக்குகள், நாற்றுமேடையின் கரிய பைகள், அறுந்த செருப்புகள், ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டுகள், எண்ணிலடங்காத போத்தல்கள்.

இவற்றை வகைப்படுத்துவதற்கு பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் முக்கோண முத்திரையிலுள்ள இலக்கத்தை மட்டும் நம்ப முடியவில்லை, ஏனெனில் பாதிக்கு மேற்பட்ட துண்டுகளில் இலக்கமே இல்லை. ஆகவே ஒரு வாளித் தண்ணீரை வைத்தோம். ஒவ்வொரு பொருளிலிருந்தும் சிறு துண்டை வெட்டி, காற்றுக்குமிழ் ஒட்டாதபடி நீருக்குள் அமுக்கி விட்டுவிட வேண்டும். பொலித்தீன் பைகள், பால் கேன்கள், மூடிகள், உரச் சாக்கின் இழைகள் ஆகியன மேலே வந்தன. பெட் எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆன குடிநீர்ப் போத்தலின் துண்டு, நீர்க்குழாயின் பிவிசி துண்டு, சில யோகட் கோப்பைகளின் துண்டு ஆகியன அடியில் தங்கின. பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி நீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு, பொலித்தீனின் அடர்த்தியும் பொலிபுரொப்பிலீனின் அடர்த்தியும் 0.9 முதல் 0.96 மடங்கு வரை. கடல்நீர் நன்னீரைவிடச் சற்று அடர்த்தியானது என்றாலும், அந்தச் சிறு வேறுபாடு பெட் துண்டை மிதக்க வைத்துவிடாது. ரெஜிபோம் மிதப்பது அதன் பொருளால் அன்று, உள்ளே அடைபட்டிருக்கும் காற்றால்.

வாளியைச் சுற்றி நின்றவர்களில் ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப போத்தல் கடலுக்குப் போகாதா சேர்?” உடனே பதில் சொல்லாமல், ஒரு போத்தலை மூடியோடும் இன்னொன்றை மூடியின்றியும் பெரிய தொட்டியில் இட்டுக் குச்சியால் கலக்கச் சொன்னேன். மூடிய போத்தல் மிதந்துகொண்டே இருந்தது. திறந்த போத்தல் நீரை உள்வாங்கி, சாய்ந்து, அமிழ்ந்தது. அதன் மூடியை மட்டும் தனியே போட்டபோது அது மேலே நின்று ஆடியது. ஒரே போத்தலின் உடல் குளத்தின் அடியிலும் மூடி தொலைதூரக் கடற்கரையிலும் முடியக்கூடும் என்பதை அன்று அவர்கள் தாமாகவே கண்டுகொண்டார்கள். இந்தச் செயற்றிட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் கணம் இதுவே. சிற்பம் முழுமையடைந்த கணத்தைவிடவும் இதையே உயர்வாகக் கருதுகிறேன்.

பாதையில் உள்ள அணைகள்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் கானில் விழும் பை நேரே கடலுக்குப் போய்விடுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வது எளிது. ஆனால் அது சரியன்று. கொத்மலை ஓயா தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. அங்கிருந்து மின்னிலையத்துக்குச் செல்லும் நீர், குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்புகளைக் கடந்தே சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதன்பின் கொத்மலை; மகாவலியோடு கலந்தபின் பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே, மினிப்பே என்று தடுப்புகள் தொடர்கின்றன. 335 கிலோமீற்றர் நீளமான நாட்டின் மிக நீண்ட ஆறு, இத்தனை அணைகளைத் தாண்டித்தான் மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது.

எனவே கனமானவை வழியில் அமிழ்கின்றன. பெரியவை தடுப்புகளில் சிக்குகின்றன. பருவமழையில் வான்கதவுகள் திறக்கப்படும்போது மிதப்பவை ஒரே வீச்சில் கீழிறங்குகின்றன. வெயிலிலும் கற்களிலும் உரசுண்டு துகளானவற்றை எந்தக் கம்பியும் நிறுத்துவதில்லை. அணைகள் பிளாஸ்டிக்கை அழிப்பதில்லை; அதைத் தாமதப்படுத்துகின்றன, சிறிதாக்குகின்றன. மலையின் மறுபக்கத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் கெசெல்கமு ஓயாவும் மவுசாக்கலையில் தேங்கும் மஸ்கெலி ஓயாவும் களனி கங்கையாகி மட்டக்குளியில் கடலை அடைகின்றன. ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகள் இதே வேலையைச் செய்தால் அவர்களுடைய ஏழாவது வரி கொழும்புக் கரையாக இருக்கும்.

பாதையை இவ்வாறு விளக்கும்போது பழியை எவர்மீது சுமத்துகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். லயத்துக் கானில் குப்பை கிடப்பதற்கு அங்கே வாழ்பவர்களின் அக்கறையின்மையே காரணம் என்று வெளியிலிருந்து சொல்லப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொதுப்பணத்தைச் செலவிட இடந்தராத ஒரு தடையாகவே மூன்று தசாப்தங்கள் நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். சட்டம் திருந்தியபின்னும் எங்கள் பகுதியில் குப்பை வண்டி தார்வீதியோடு நின்றுவிடுகிறது. பத்து லயக் காம்பராக்களின் குப்பையைத் தலையில் சுமந்துகொண்டு, கொழுந்து மலைக்குப் போகும் நேரத்துக்கு முன்னர் வீதிக்கு இறங்க எவரால் முடியும்? எரிப்பது, புதைப்பது, கானில் விடுவது ஆகிய மூன்றே வழிகளாக இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்து குவிந்தது. முதல் வரியை இணைக்கும் முன்னர் இதை வகுப்பில் பேசினோம். தங்கள் வீடுகளைப் பற்றிய வெட்கம் பிள்ளைகளின் முகத்தில் ஏறிவிடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

கட்டுமானம்

சட்டகத்துக்கு இரும்புக் கம்பியை ஒட்டவைக்கத்தான் முதலில் எண்ணியிருந்தோம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தேர் கட்டும் பெரியவர் ஒருவர், எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “கம்பியெல்லாம் வேணாங்க சேர், மூங்கில் வளையும், ஆமையும் வளைவுதானே. பாரத்தை மட்டும் முதுகுல ஏத்தாதீங்க, வயித்துல வைங்க” என்றார். அவர் சொன்னபடியே மூங்கிலைப் பிளந்து ஊறவைத்து, இரண்டு மீற்றர் நீளத்துக்கு விலாக்களை வளைத்தோம். வயிற்றுப் பகுதியில் அமிழும் பிளாஸ்டிக்கையெல்லாம் சாக்கில் அடைத்துப் பாரமாக வைத்தோம்.

மூட்டுகளைக் கட்டுவதற்குக் கட்டுக்கம்பிக்குப் பதிலாகப் பெட் போத்தலையே பயன்படுத்தினோம். போத்தலின் அடிப்பகுதியை நீக்கி, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரு விரல் அகலத்தில் வெட்டினால் நீண்ட நாடா கிடைக்கும். அதை மூட்டில் இறுக்கிச் சுற்றி, கொதிநீரை ஊற்றினால் நாடா சுருங்கி மூங்கிலைக் கவ்விக்கொள்கிறது. போத்தல் உருவாகும்போது இழுத்து விரிக்கப்பட்ட பிளாஸ்டிக், ஏறத்தாழ 80 பாகை செல்சியசைத் தாண்டியதும் பழைய அளவை நோக்கிச் சுருங்குகிறது. எங்கள் உயரத்தில் நீர் 100 பாகைக்கு முன்னரே, சுமார் 96 பாகையில், கொதித்துவிடும் என்றாலும் அதுவே போதுமானதாக இருந்தது. கொதிநீரை ஆசிரியர்கள் மட்டுமே கையாண்டோம்.

கரிய ஓட்டுக்காக நாற்றுமேடைப் பைகளை அடுக்கி, எண்ணெய்த்தாளுக்கு இடையில் வைத்து, துணி மினுக்கும் அழுத்தியால் ஒன்றாக ஒட்டச் செய்தோம். முதல் நான்கு தகடுகளும் பாழாயின. பைகளில் ஒட்டியிருந்த மண்ணும், எங்கள் மலையின் ஓயாத ஈரமும் அடுக்குகளை ஒட்டவிடவில்லை. கழுவி, சமையலறை அடுப்புக்கு மேலே கயிற்றில் இரண்டு நாட்கள் உலர்த்திய பின்னரே எட்டு அடுக்குகள் ஒரே தோலாயின. கழுவிய நீரை அப்படியே கானில் ஊற்றப் போன மாணவரைத் தடுத்து, பழைய சேலையை நான்காக மடித்து வடிகட்டச் சொன்னேன். துணியில் தங்கிய கரிய துணுக்குகளைப் பார்த்தபோது, கடலுக்காகச் செய்யும் வேலையே கடலுக்குத் துகளை அனுப்பிவிடக்கூடும் என்பது எனக்கே உறைத்தது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நேர்ந்தது. கரிய நிறமாக இருந்ததால் ஒரு பழைய மழைக்கோட்டின் துண்டு பைகளோடு கலந்துவிட்டது. அழுத்தி பட்டவுடன் மூக்கை அரிக்கும் புகை கிளம்பியது. அது பிவிசி; சூடேறிச் சிதையும்போது ஐதரசன் குளோரைட்டை வெளிவிடும். அனைவரையும் வெளியே அனுப்பி, அன்றைய வேலையை நிறுத்தினோம். எவருக்கும் பாதிப்பு ஏற்படவில்லை; ஆயினும் பொருளைச் சரிபார்க்காமல் அழுத்தியைக் கையில் எடுக்க அனுமதித்தது என் பிழை. அதன்பின் வாளியில் மிதக்காத எதையும் சூடாக்குவதில்லை என்றும், சூடாக்கும் வேலையைக் கூரை மட்டும் உள்ள திறந்த முற்றத்திலேயே செய்வது என்றும் விதியாக்கினோம்.

முன்துடுப்புகளை உரச் சாக்கால் செய்தோம். கோணி ஊசியைப் பிடித்து இழுக்க எங்களுக்குத் தெரியவில்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தைத்துப் பழகிய தாய்மார் இருவர் வந்து ஒரே மாலையில் முடித்துத் தந்தனர். பசையையும் வர்ணத்தையும் தவிர்த்தோம். வர்ணம் பூசினால் உறைகளின் எழுத்தும் நிறமும் மறைந்துவிடும். அவை மறைந்துவிட்டால் அந்தப் பொருள் எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்ற செய்தியும் மறைந்துவிடும்.

தொண்டையின் முட்களுக்கு மை தீர்ந்த பேனாக்களின் குழாய்களைச் சாய்வாக நறுக்கிப் பயன்படுத்தினோம். அவை அனைத்தும் எங்கள் வகுப்பறைகளின் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தவை. தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு கிடைத்தன. திறந்த வாய்க்குள் எட்டிப் பார்ப்பவருக்கு நீலமும் சிவப்புமான முட்களும், அவற்றில் சிக்கி நிற்கும் ஒரு வெள்ளைப் பையும் தெரியும்.

நான்காவது வரியை வெறுமையாக விட்டோம். மரக்கறித் தோட்டத்தின் குப்பையில் பெரும்பகுதி பூச்சிமருந்துப் போத்தல்கள். எத்தனை முறை கழுவினாலும் பிள்ளைகள் கையாளத்தக்க பொருளாக அவை மாறுவதில்லை. அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்டனர், நான் மறுத்துவிட்டேன். அந்த இடத்தில் மூங்கில் விலா மட்டும் தெரியும்படி விட்டு, ஏன் வெறுமை என்பதை ஒரு அட்டையில் எழுதி வைத்தோம்.

மூதூரிலிருந்து வந்த பை

ஏழாவது வரிக்கான பொருளை, மூதூரில் வேலை செய்யும் ஒரு மாணவனின் மாமா கடற்கரையில் பொறுக்கி அனுப்பிவைத்தார். பையைத் தரையில் கொட்டியபோது முதலில் கண்ணில் பட்டவை மூடிகள். வெளிறிய, ஓரம் தேய்ந்த, சிப்பிகள் ஒட்டிய மூடிகள். அவற்றோடு மீன்வலைக் கயிற்றுத் துண்டுகளும், தொட்டால் பொடியாகும் வெள்ளைத் துணுக்குகளும் இருந்தன. வாளிச் சோதனையில் கண்டதை அப்பை அப்படியே உறுதிப்படுத்தியது. மகிழ்ச்சியில் ஒரு மாணவன் ‘மகாவலி கொண்டுபோன எங்கள் குப்பை’ என்று அட்டை எழுதிவிட்டான். அதை மாற்றச் சொன்னேன். அந்தக் குடாவுக்கு மீன்பிடிப் படகுகளிலிருந்தும், கரையோர ஊர்களிலிருந்தும், வங்காள விரிகுடாவின் நீரோட்டங்களாலும் குப்பை வருகிறது. ஒரு மூடி தான் வந்த வழியைச் சொல்வதில்லை. ‘மூதூர்க் கரையில் எடுத்தவை’ என்றே இறுதியில் எழுதினோம். உணர்ச்சிக்காக உண்மையை வளைத்தால், அடுத்தமுறை உண்மையைச் சொல்லும்போது நம்பமாட்டார்கள்.

காட்சிக்கு வைத்தபின்

பாடசாலை மண்டபத்தில் ஒரு வாரம் வைத்தோம். பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எடுத்துச் சென்றோம், ஏனெனில் அங்கேதான் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். மண்டபத்தில் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மடுவத்தில் பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள். முதல் வரியைத் தடவிப் பார்த்த ஒரு மூதாட்டி, “இது எங்க காம்பராவுல வாங்குற பால்மா பக்கெட்டு” என்று அடையாளம் கண்டார். சற்றுப் பொறுத்து, “சரி சேர், அப்ப இதை எங்கதான் போடுறது?” என்றார். சிற்பத்திடம் அதற்குப் பதில் இருக்கவில்லை, என்னிடமும் இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின் நடந்தவை சிறியவை. மடுவத்தின் பக்கத்தில் மூன்று உரச் சாக்குகளைத் தொங்கவிட்டோம்: போத்தலுக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று, சுத்தமான பைகளுக்கு ஒன்று. கொழுந்து லொறி வீதிக்கு இறங்கும் வழியில் அவற்றை ஏற்றிச் செல்லத் தோட்டத்தினர் இணங்கினார்கள். போத்தல்களைப் பழைய சாமான் வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார். பால்மா உறையை எவரும் எடுப்பதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றாக ஒட்டிய அந்த உறையைப் பிரிக்க எங்கள் பகுதியில் வழி கிடையாது. மூதாட்டியின் கேள்விக்கு உரிய பொருள் இன்னும் கானுக்கு அருகிலேயே கிடக்கிறது.

ஏழு மாதங்களில் துடுப்புகள் உதிரத் தொடங்கின. மடுவத்தின் ஓரத்தில் விழுந்த மாலை வெயிலே உரச் சாக்கின் இழைகளை முறிப்பதற்குப் போதுமானதாக இருந்தது. ஆமையின் கீழே தரையில் வெள்ளைத் தும்புகள் கிடந்தன. அவற்றைக் கூட்டி அள்ளிய அன்றே சிற்பத்தைக் கலைப்பதென முடிவு செய்தோம். பிள்ளைகள் சிலருக்கு அது வருத்தமளித்தது. மூங்கில் அடுப்புக்குப் போனது. போத்தல் நாடாக்களை வெட்டி எடுத்துச் சாக்கில் சேர்த்தோம். பேனா முட்கள் ஒரு பெட்டியில் உள்ளன. மூதூர் மூடிகளைப் புவியியல் ஆசிரியை தம் பாடத்துக்காக வாங்கிக்கொண்டார். கரிய ஓட்டுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. எட்டு அடுக்காக ஒட்டிய அந்தத் தகட்டை வாங்குபவர் எவருமில்லை; அது சித்திர அறையின் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கலைத்த அன்று மாலை, முன்னர் கேள்வி கேட்ட அதே மாணவி அதன் ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, வாளியில் இட்டு, விரலால் அடிவரை அமுக்கி விட்டாள். அது மேலே வந்து மிதந்தது.